நாட்காட்டியின் திறவுகோல்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய நான் சங்க இலக்கியத்தைப் பற்றியோ, சமய குரவரைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். முன்னைய மலர்களில் அவ்வாறே எழுதியுமுள்ளேன். இம்முறை பொருள் வேறு. நம் கல்லூரியின் இணைய நாட்காட்டி சென்ற ஆண்டு எவ்வாறு நம் கையைவிட்டுப் போகவிருந்தது, எவ்வாறு மீண்டது என்பதை எழுதுகிறேன். அந்த நாட்காட்டியின் வழியாகவே இவ்விழாவின் நிகழ்ச்சிகளை நீங்கள் பலரும் அறிந்தீர்கள் ஆதலின் இது மலருக்குப் புறம்பான செய்தியன்று.

கணினித் துறையில் எனக்கு யாதொரு பட்டமும் இல்லை. கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் தமிழ்ப் பயிற்சி பெற்று வந்த பயிற்றப்பட்ட ஆசிரியன் நான். ஆகவே கணினி அறிந்த பழைய மாணவர்கள் பிழை காணின் பொறுத்தருளுக.

நான் இங்கே படித்த காலத்தில் கல்லூரிக்கு நாட்காட்டியாக இருந்தது அலுவலக விறாந்தையிலே தொங்கிய ஒரு கரும்பலகை. வெள்ளிக்கிழமை பூசை, நாயன்மார் குருபூசை, இல்ல மெய்வல்லுநர் போட்டி, தவணைப் பரீட்சை யாவும் அதிலே சுண்ணக்கட்டியால் எழுதப்படும். எழுதும் உரிமை ஒரே ஒரு மூத்த ஆசிரியருக்கே உண்டு. அவருடைய எழுத்தை ஒருவரும் அழிக்கத் துணியார். மழைச்சாரல் மட்டும் அழிக்கும். நடந்து முடிந்தவை சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் ஏறும். நடக்கவிருப்பவை பலகையில் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையில் கல்லூரியின் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

2012 ஆம் ஆண்டில் தகவல் தொழினுட்ப ஆசிரியராக இங்கே வந்து சேர்ந்தவர் என் வகுப்புத் தோழர். பெயரை எழுத வேண்டாமென அவருடைய வீட்டார் கேட்டுக்கொண்டமையால் நண்பர் என்றே குறிப்பிடுகிறேன். அவரிடம் படித்தவர்களுக்கு இவ்வளவே போதும். பழுதென்று ஒதுக்கப்பட்ட இரண்டு கணினிகளைப் பிரித்து ஒன்றாக்கி, அதிலே வெப்கலண்டர் என்னும் மென்பொருளை அவர் நிறுவினார். அமெரிக்கரான கிரெய்க் நட்சன் என்பவர் ஆக்கத் தொடங்கிய அம்மென்பொருள் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. குனூ பொது உரிமத்தின்கீழ் எவரும் விலையின்றிப் பெறத்தக்கது. கல்லூரியிடம் பணம் இல்லாத காலத்தில் விலையின்மையே அதன் முதற்சிறப்பாகத் தோன்றிற்று என்பதை மறைப்பானேன்?

நிகழ்ச்சிகளைத் தட்டச்சிடும் பணி எனக்கு வாய்த்தது. பழைய சம்பவத்திரட்டுகளிலிருந்தும் சிலவற்றை எடுத்து ஏற்றினோம். 1960களின் பிற்பகுதிக்கு வந்தபொழுது, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாடசாலை நடந்ததாகக் குறிப்புகள் இருக்கக் கண்டு நண்பர், "முந்தின அதிபருக்குக் கிழமை தெரியாதோ?" என்று சிரித்தார். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. போயா தினங்களே விடுமுறையாயிருந்தன என்பதை நான் எடுத்துச் சொன்னேன். கணினி அறையில் நான் அவருக்குக் கற்பித்த முதற்பாடமும் இறுதிப்பாடமும் அதுவே. மற்றெல்லாம் அவர் கற்பித்தவை.

அவர் கற்பித்தவற்றுள் இன்றும் என் நினைவில் நிற்பது இது: நாட்காட்டி வேறு, தரவுத்தளம் வேறு. திரையிலே நாம் காணும் மாதமும் கட்டங்களும் வெறும் முகப்பு. நிகழ்ச்சிகள் உண்மையில் குடியிருப்பது மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில். முகப்பு அதனிடம் சென்று கேட்டே ஒவ்வொன்றையும் பெற்று வருகிறது. அவ்வாறு கேட்பதற்கு அதற்குச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். தரவுத்தளம் எவ்வகையைச் சார்ந்தது, எந்தச் சேவையகத்தில் உள்ளது, அதன் பெயர் யாது, எந்தப் பயனர் பெயரோடும் எந்தக் கடவுச்சொல்லோடும் அதனுள்ளே புகலாம் என்பன அவை. இவை யாவும் ஒரு சிறிய கோப்பிலே எழுதிவைக்கப்பட்டிருக்கும். நிறுவும்பொழுது ஒருமுறை எழுதினால், பின்பு எவரும் அதனைத் திறந்து பார்ப்பதில்லை. வீட்டுத் திறப்பைக் கூரை வளையில் செருகிவிட்டு மறந்துபோவதைப் போன்றது அது.

அதே கோப்பிலே, நாட்காட்டிக்குள் மனிதர் எவ்வாறு நுழைவது என்பதும் தீர்மானிக்கப்படுகிறது. ஒற்றைப் பயனர் முறை என்று ஒன்றுண்டு. அதில் கடவுச்சொல்லே கேட்கப்படாது, திறந்தவர் எவரும் எழுதலாம். வாசிக்க மட்டும் விடுவது ஒரு முறை. கேள்வி கேட்கும் பொறுப்பைச் சேவையகத்திடமே விட்டுவிடுவது இன்னொன்று. தன் சொந்தப் பயனர் பட்டியலை வைத்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு உள்ளே விடுவதே பெரும்பாலோர் கொள்ளும் முறை.

நண்பர் முதலிலே ஒற்றைப் பயனர் முறையையே வைத்தார். கணினி கல்லூரிக்குள்ளேயே இருந்தது, வெளியுலகத்தோடு தொடர்பில்லை, ஆசிரியர்களோ கடவுச்சொல்லை மறப்பதில் வல்லவர்கள். ஆகவே அது தகுந்ததென்றே தோன்றிற்று. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் மாலை, நூலகத்துக் கணினியின் வழியாக எவனோ ஒரு மாணவன் மறுநாட் கட்டத்திலே, "நாளை பாடசாலை நடைபெறாது" என்று எழுதிவிட்டான். அதனைக் கண்டவர் கண்டவரிடம் சொல்ல, மறுநாட் காலையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளிற் பாதி வாங்குகள் வெறுமையாயிருந்தன. அதிபர் நண்பரை அழைத்துக் கண்டித்தார். நண்பர் மாணவனைத் தேடவில்லை. "கதவைத் திறந்து வைச்சது நான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்று மாலையே முறையை மாற்றினார். அதன்பின் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் பெயர் கிடைத்தது. கடவுச்சொல்லைத் தாளிலெழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோர் பட்டியலில் அடியேனும் ஒருவன்.

நாட்காட்டி ஒன்பது ஆண்டுகள் ஓடிற்று. 2021 ஆம் ஆண்டிலே, பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், நண்பர் நோயுற்று மறைந்தார். அவருடைய இறுதிக்கிரியைக்கு எங்களால் முறையாகப் போகவும் இயலவில்லை. அதைப்பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை.

பாடசாலை மீளத் திறந்தபின் அந்தக் கணினியை ஒருவரும் இயக்கவில்லை. நிகழ்ச்சிகள் கைத்தொலைபேசிக் குழுக்களில் வந்தன, போயின. யூபிலி ஆண்டு நெருங்கியபொழுதுதான், கல்லூரியின் பழைய நிகழ்ச்சிகளையும் விழா நிகழ்ச்சிகளையும் ஒருங்கே காட்டும் நாட்காட்டியை வெளிநாட்டிலுள்ள பழைய மாணவரும் பார்க்கத்தக்கதாக இணையத்தில் ஏற்ற வேண்டுமென்ற எண்ணம் எழுந்தது. அதிபர் என்னை அழைத்தார். "மாஸ்டர், அந்தக் கலண்டரின்ர பாஸ்வேட் உங்களிட்டை இருக்கோ?" என்று கேட்டார். என்னுடையதே எனக்கு நினைவில்லை. நிர்வாகியின் கடவுச்சொல்லோ நண்பர் ஒருவருக்கே தெரிந்தது. அவர் அதனை எங்கும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டு உழைப்பு ஒரு மனிதரின் நினைவோடு மண்ணுக்குப் போய்விட்டது போலிருந்தது.

கணினியைத் தூசி தட்டி இயக்கினோம். அதன் வன்தட்டு கரகரவென்று ஒலித்தது. நீண்டநாள் தாங்காது என்பது எனக்கே விளங்கிற்று. உள்நுழையும் பக்கம் வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. அந்த இரண்டு வெற்றுக் கட்டங்களின் முன்னே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். நண்பரின் பிறந்த ஊர், பிள்ளையின் பெயர், விருப்பமான கிரிக்கெட் வீரர் எனத் தோன்றியவற்றையெல்லாம் இட்டுப் பார்த்தேன். இறந்தவருடைய சட்டைப்பையைத் துழாவுவது போன்ற கூச்சம் ஒன்று உண்டாயிற்று, நிறுத்திவிட்டேன்.

அன்றிரவு இலண்டனிலிருந்து ஒரு பழைய மாணவர் பேசினார். மலர்க்குழுவினர் செய்தி அனுப்பியிருந்தனர் போலும். கணினித்துறையிலே தொழில் பார்ப்பவர். வயது இருபத்தைந்தைத் தாண்டியிராது. "சேர், முன் கதவு பூட்டியிருந்தா என்ன, அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கோ" என்றார். நாட்காட்டிக்குள் நுழைய இயலாதிருப்பினும், அக்கணினியே எங்கள் கையில் இருக்கின்றமையால், அதன் கோப்புகளைத் திறந்து வாசிக்கலாம் என்பது அவர் சொன்னதன் பொருள்.

இவ்விடத்தில் விந்தையொன்றை அறிந்தேன். பயனர்களின் கடவுச்சொற்களைத் தரவுத்தளம் உள்ளவாறே வைத்திருப்பதில்லை. நண்பர் நிறுவிய பழைய பதிப்பு எம்டி5 என்னும் கணித முறையால் ஒவ்வொரு சொல்லையும் 32 குறிகளாக அரைத்து வைத்திருந்தது. மாவைத் திரும்ப அரிசியாக்க இயலாதவாறு அக்குறிகளிலிருந்து சொல்லைப் பெற இயலாது. ஒருவர் நுழையும்பொழுது அவர் தரும் சொல்லையும் அவ்வாறே அரைத்து, மாவும் மாவும் ஒத்தனவா என்றே பார்க்கப்படுகிறது. இக்காலத்தில் எம்டி5 வலுவிழந்த முறையாகக் கருதப்படுகிறதாம். குறுகிய, எளிய சொற்களை ஊகித்து ஊகித்துப் பிடித்துவிடுகின்றனராம். ஆனால் தரவுத்தளத்தைத் திறக்கும் சொல்லை அவ்வாறு அரைத்து வைக்க முடியாது. முகப்பு அதனை உள்ளவாறே எடுத்துச் சொல்லியாக வேண்டுமாதலின், அது கோப்பிலே வெளிப்படையாக நிற்கிறது. ஆயிரம் சின்னத் திறப்புகளை அரைத்துப் பொடியாக்கிய கணினி, பெருந்திறப்பைப் பாய்க்குக் கீழே வைத்திருந்தது.

கோப்பைத் திறந்தேன். ஐந்தாறு வரிகள். கடவுச்சொல் இருந்த வரியைப் படித்தேன். "மல்லாவி" என்று ரோம எழுத்திலே எழுதி, அதனோடு 1996 என்று சேர்த்திருந்தார். இப்பொழுது அதனை மாற்றிவிட்டமையால் இங்கே எழுதுவதில் ஆபத்தில்லை. கடவுச்சொல்லாக அது சிறந்ததன்று. ஊர்ப்பெயரும் ஆண்டும் எவரும் ஊகிக்கத்தக்கவை. அதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு நானே எத்தனையோ ஊர்களை இட்டுப் பார்த்தவன். அவ்வூரை மட்டும் நினைக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபொழுது நானும் நண்பரும் பத்தாம் வகுப்பு மாணவர்கள். பலர் மறு ஆண்டு திரும்பிவிட்டனர். எங்கள் இரு குடும்பங்களும் கடல்நீரேரி கடந்து வன்னிக்குச் சென்றன. மல்லாவியில் ஒரு பாடசாலையின் மரநிழலில், இடம்பெயர்ந்த பல பாடசாலைப் பிள்ளைகளோடு, பிற்பகல் வகுப்பில் படித்தோம். ஒரே கொப்பியை இருவரும் இரு பக்கமிருந்து எழுதினோம். நான் முன்பக்கமிருந்து தமிழ். அவர் பின்பக்கமிருந்து கணிதம். நடுவில் எவ்விடத்தில் சந்தித்தோம் என்பது நினைவில்லை.

கோப்பிலிருந்த சொல்லைக் கொண்டு தரவுத்தளத்தினுள் நேரே புகுந்தோம். நிர்வாகியின் பழைய கடவுச்சொல்லை அறிய இயலாதாயினும், அதற்குரிய இடத்தில் புதிய சொல்லொன்றின் 32 குறிகளை எழுதிவிட இயன்றது. ஒரே வரிக் கட்டளை. வாசிக்க இயலாததை மாற்றி எழுத இயன்றது எனக்கு இன்றும் புதுமையாகவே தோன்றுகிறது. நிர்வாகி என்ற பெயரில் உள்ளே சென்றேன். ஒன்பது ஆண்டும் அங்கே இருந்தன.

இனி அவற்றை வாடகைச் சேவையகமொன்றுக்குக் கொண்டுபோகும் வேலை. தரவுத்தளத்தின் படியை எடுத்து அங்கே ஏற்றினோம். அமைப்புக் கோப்பில் புதிய பெயர்களை எழுதினோம். நாட்காட்டி திறந்தது. கட்டங்கள் சரியாக இருந்தன. கட்டங்களுள் தமிழ் இல்லை! தலையிற் கோடிட்ட ரோம எழுத்துக்களும், பதிப்புரிமைக் குறிகளும், பெயர் தெரியாத புள்ளிகளும் குவிந்து கிடந்தன. ஒன்பது ஆண்டும் ஊமையானவை போல எனக்குத் தோன்றின.

இதற்குக் காரணம் சொல்லப் புகுந்தால் எழுத்திலக்கணம் சிறிது பேச வேண்டும், தமிழாசிரியனை இடைமறிக்காதீர். யுனிகோடு முறையில் "கல்லூரி" என்பது நாம் எண்ணுவது போல நான்கெழுத்தன்று. க, ல, புள்ளி, ல, ஊகாரக் குறி, ர, இகரக் குறி என ஏழு. தொல்காப்பியர் புள்ளி பெற்ற மெய்யை இயல்பாகக் கொண்டு, உயிர் ஏறும்பொழுது புள்ளி நீங்கும் என்றார். கணினியோ அகரமேறிய ககரத்தை இயல்பாகக் கொண்டு, மெய் வேண்டின் புள்ளியைப் பின்னால் ஒட்டுகிறது. இது குறித்து எனக்கு வருத்தமுண்டு. ஆயினும் என் வருத்தத்தால் ஆவதொன்றில்லை. இவ்வேழும் யுடிஎப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறும். ஆகவே கல்லூரி என்னும் சொல்லுக்கு 21 பைட்டுகள்.

நண்பர் நிறுவிய காலத்தில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், வேறு கட்டளை இல்லையெனின், தன்னிடம் வருவதெல்லாம் மேலைநாட்டு எழுத்து என்றே கொள்ளும். இவ்வழக்கம் 2018 இல் வெளியான எட்டாம் பதிப்பிலேதான் மாறிற்று. நாங்கள் இட்ட 21 பைட்டுகளை அது 21 மேலைநாட்டு எழுத்துக்களாக எண்ணி வைத்திருந்தது. திரும்பக் கேட்டபொழுது அதே 21 பைட்டுகளைத் தந்தமையால் திரையிலே தமிழ் சரியாகத் தெரிந்தது. பெயர் தவறாக எழுதிய பெட்டியிலே சரியான பொருள் இருந்ததைப் போல. புதிய இடத்துக்கு மாற்றும்பொழுதோ, பெட்டியின் பெயரை நம்பி ஒவ்வொன்றையும் "மொழிபெயர்த்து" விட்டது. ஒன்பது ஆண்டு ஒளிந்திருந்த பிழை அன்று வெளிப்பட்டது.

அன்றுதான் பழைய புதிரொன்றும் விடுபட்டது. "நவராத்திரி வாணி விழாவும் கலைநிகழ்ச்சிகளும்" என்று நான் எழுதிய தலைப்பு, திரையில் எப்பொழுதும் "நவராத்திரி வாணி விழாவும் கலை" என்றே நின்றுவிடும். விழாவைக் கலைக்கச் சொல்லி ஏவல் வினை எழுதியிருக்கிறீர்களா என்று உப அதிபர் கேலி செய்வார். தலைப்புக்கு 80 எழுத்துக்களே இடம். தமிழின் ஒவ்வொரு கூற்றையும் மூன்றெழுத்தாக எண்ணினால் இருபத்தாறோடு இடம் முடிந்துவிடும். "கலை" வரையில் 78. மிகுதி இரண்டிலே நகரம் முழுதும் அடங்கவில்லை.

இலண்டன் மாணவர் வழி சொன்னார். படியை மீண்டும் எடுக்கும்பொழுது பழைய தரவுத்தளத்தின் தவறான எண்ணத்தோடேயே எடுத்து, கோப்பில் உள்ள எழுத்துமுறைப் பெயரை மட்டும் கையால் மாற்றி, அதன்பின் ஏற்றவேண்டும். அவ்வாறு செய்தோம். வன்தட்டின் கரகரப்பு அப்பொழுது அதிகரித்திருந்தது. படி முழுதும் வந்து சேரும் வரையில் நான் பஞ்சாட்சரம் செபித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. இரவு பதினொரு மணியளவில் முதற் தமிழெழுத்துத் திரையில் வந்தது.

அதன்பின் நேரம். ரொறன்ரோவிலிருந்து ஒரு மூத்த பழைய மாணவர் தொலைபேசியில், "என்ன தம்பி, விழாப் பூசை விடியப்புறம் இரண்டரைக்கோ?" என்று கேட்டார். காலை 8 மணிப் பூசை 2.30 எனக் காட்டப்பட்டது. மார்கழித் திருவெம்பாவைப் பூசையோ, விடியற்காலை 5 மணிக்கு உரியது, முதல்நாள் இரவு 11.30 ஆகித் திகதியும் மாறியிருந்தது. வெப்கலண்டர் நேரங்களைக் கிரீனிச் நேரமாக மாற்றியே தரவுத்தளத்தில் வைக்கிறது. காட்டும்பொழுது அவரவர் நேர வலயத்துக்கு ஏற்ப மீண்டும் மாற்றுகிறது. புதிய சேவையகத்தில் நேர வலயத்தை அமைக்க மறந்தேன். ஐந்தரை மணி காணாமற் போயிற்று. "ஆசியா/கொழும்பு" என்பதைத் தெரிந்ததும் யாவும் தத்தம் இடத்துக்கு வந்தன. ரொறன்ரோப் பெரியவருக்கும் அவருடைய ஊர் நேரத்திலேயே தெரியத்தக்கதாயிற்று.

ஆயினும் அந்த நேர வலயப் பட்டியலைக் குறித்துச் சிறிது சொல்ல வேண்டும். கொழும்பு என்ற பெயரின்கீழ் இந்நாட்டின் மணிக்கூடு மாறிய வரலாறெல்லாம் அதில் உண்டு. 1996 மே மாதத்தில் மின்தட்டுப்பாட்டை முன்னிட்டு அரசாங்கம் நேரத்தை ஒரு மணி முன்தள்ளிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கிற்று. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கே வந்தது. கணினி இவற்றை அறியும். வன்னியில் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம் என்பதை அது அறியாது. வானொலி ஒரு நேரம் சொல்லும். பாடசாலை மணி வேறு நேரத்தில் அடிக்கும். "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேளாமல் எவரும் எந்த அலுவலுக்கும் புறப்படுவதில்லை. பரீட்சைக் காலத்தில் நானும் நண்பரும், சந்தேகம் தீராமல், இரண்டில் எது முந்தியதோ அதற்கும் அரைமணி முன்னதாகவே போய் வேலியோரத்தில் நின்றோம். எங்கள் நேரத்துக்கு அந்த உலகப் பட்டியலில் தனிப்பெயர் இல்லை.

1996 ஆம் ஆண்டின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நண்பர் அங்கே ஒன்றே ஒன்று எழுதியிருந்தார்: "மல்லாவி மரத்தடி வகுப்பு." அதற்கு மணி குறிக்காமல், நேரமற்ற நிகழ்ச்சி என்ற வகையில் இட்டிருந்தார். நேரமற்றவற்றுக்குத் தரவுத்தளத்தில் நேரமிருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் ஒன்று என்ற எண் நிற்கும். எந்த வலயத்தை மாற்றினாலும் அது அசையாது.

இனி உள்நுழைவு ஒழுங்குகள். பார்வையிடுவதற்கு எவருக்கும் கடவுச்சொல் வேண்டாம், எழுதுவதற்கு வேண்டும், தாமாகவே பெயர் பதிந்துகொள்ளும் வழி அடைக்கப்பட வேண்டும் என்று குழு தீர்மானித்தது. நாட்காட்டி தரவுத்தளத்தினுள் முழு அதிகாரத்தோடு நுழைவதை நிறுத்தி, வாசிக்க, சேர்க்க, திருத்த, நீக்க மட்டும் வல்ல தனிப் பயனரொருவரை அமைத்தோம். இவற்றில் கருத்து வேறுபாடு எழவில்லை.

வேறுபாடு எழுந்தது பழைய பெயர்களிலே. மாற்றலாகிப் போனவர், இளைப்பாறியவர், மறைந்தவர் ஆகியோரின் பயனர் பெயர்களை நீக்கிவிட வேண்டும் என்றார் குழுவிலொருவர். அது நியாயமே, ஆளில்லாத கணக்கு பூட்டில்லாத வீடு. நண்பரின் பெயரைத் தெரிந்து, நீக்கும் பொத்தானில் விரலை வைத்தேன். தொலைபேசியின் மறுமுனையிலிருந்து, "பொறுங்கோ சேர்! முதல்ல படியிலை செய்து பாப்பம்" என்ற குரல் வந்தது. படியொன்றில் செய்து பார்த்தோம். பெயரோடு சேர்ந்து, அவர் ஒருவரை மட்டுமே பங்காளராகக் கொண்ட நிகழ்ச்சிகள் யாவும் மறைந்தன. மாதங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். 2012 வெறுமை. 2013 வெறுமை. சம்பவத்திரட்டிலிருந்து நாங்கள் ஏற்றிய பழைய ஆண்டுகளும், அவருடைய பெயரில் ஏற்றப்பட்டமையால், போய்விட்டன. மென்பொருள் தன் விதிப்படியே நடந்தது. அதனைக் குறை சொல்வதற்கில்லை.

புதிய பதிப்பிலே ஒருவரை நீக்காமல் செயலிழக்கச் செய்ய வழியுண்டு. பெயர் இருக்கும், எழுதியவை இருக்கும், அப்பெயரால் ஒருவரும் நுழைய இயலாது. அவ்வாறே செய்தோம்.

அன்றைய வேலை முடிந்தபின் மாணவருக்கு நன்றி கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "சேர், நான் எட்டாம் வகுப்பிலை இருக்கேக்கை, 'நாளை பாடசாலை நடைபெறாது' எண்டு ஒருத்தன் போட்டவனெல்லோ… அது நான்தான்" என்றார். நண்பருக்கு அது தெரியுமோ என்று கேட்டேன். மறுநாளே போய்ச் சொல்லிவிட்டாராம். நண்பர் தண்டிக்கவில்லை, கணினி அறைத் திறப்பை அவனிடம் கொடுத்து, நூலகத்துக் கணினியை எவ்வாறு பூட்டுவது என்று கண்டுபிடித்து வரச் சொன்னாராம். ஒன்பது ஆண்டு என்னோடு ஒரே மேசையில் தேநீர் குடித்தவர், இதனை என்னிடம் சொல்லவில்லை.

புதிய கடவுச்சொற்கள் இப்பொழுது முத்திரையிட்ட உறையொன்றில் அதிபரின் இரும்புப் பெட்டியில் உள்ளன. உறை வைக்கப்பட்ட திகதி சம்பவத்திரட்டுப் புத்தகத்திலே பதியப்பட்டுள்ளது. அதிபர் மாறினால் கையேற்கும் பட்டியலில் அதுவும் சேரும்.

எல்லாம் முடிந்தபின் ஒருநாள், நிர்வாகியாக அன்றி என் சொந்தப் பெயரால் உள்ளே சென்றேன். பொதுமக்களுக்குத் தெரியாத நிகழ்ச்சியொன்று என் நாட்காட்டியில் மட்டும் இருந்தது. நண்பர் தம்மையும் என்னையும் பங்காளராகச் சேர்த்து, மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை மீண்டும் மீண்டும் வருமாறு, முடிவுத் திகதியின்றி இட்டிருந்தார். "படி எடுத்தாயிற்றா?" என்பதே தலைப்பு. அவர் இருந்தவரையில் அவரே எடுத்துக்கொண்டார் ஆதலின் நான் அதனைக் கவனித்ததில்லை. 2021 இலிருந்து அக்கேள்வி ஒவ்வொரு மாதமும் வந்து, விடையின்றிக் கடந்திருந்தது.

சென்ற முதல் வெள்ளியும் வந்தது. காலைப் பூசை முடிந்ததும் கணினி அறைக்குச் சென்று படி எடுத்தேன். அதனை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, மூன்றாம் பாடவேளைக்குப் பத்தாம் வகுப்புக்குச் சென்றேன்.